திரியாத பாலுக்கு யார் நன்றி சொல்வது?

விடியற்காலை நாலரை மணி. முத்தாபுதுப்பேட்டையில் பால் வண்டி வந்து நிற்கிறது. நீலம், பச்சை, ஆரஞ்சு என்று பாக்கெட் நிரம்பிய டிரேக்கள் கடை வாசலில் இறங்குகின்றன. விமானப்படை நிலையத்துக்கு டியூட்டிக்குப் போகிறவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் முதல் ஷிப்டுக்கு ஓடுகிறவர், ராத்திரி முழுக்கக் கைக்குழந்தையோடு விழித்திருந்த அம்மா, எல்லோருக்கும் அந்த அரை லிட்டர் பாக்கெட் வேண்டும். வாங்குகிறவர் பார்ப்பது மூன்றே விஷயம். என்ன கலர், என்ன விலை, இன்றைய தேதியா. அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போய் அடுப்பில் வைத்ததும் பால் திரிந்துவிட்டால் போச்சு. கடைக்காரருக்குத் திட்டு, கம்பெனிக்குத் திட்டு, அரசாங்கத்துக்குத் திட்டு. சரி, திரியாத பாலுக்கு? வருஷத்தில் முந்நூற்றைம்பது நாள் ஒழுங்காகப் பொங்கி வருகிற பாலுக்கு யாராவது யாருக்காவது நன்றி சொன்னதுண்டா? பால் திரியாமல் இருப்பது என்னமோ தானாக நடக்கிற காரியம் என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது.

தானாக எதுவும் நடப்பதில்லை. பாலும் பருப்பும் கெடாமல், கலப்படம் இல்லாமல், சத்துக் குறையாமல் மனிதர்களின் தட்டுக்கு வர வேண்டும் என்று ஆயுசில் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு விஞ்ஞானி இந்த நாட்டில் இருந்தார். பெயர் கமலா சோஹோனி. அவருக்குக் கிடைத்த புகழ் தப்பான காரணத்துக்காகக் கிடைத்த புகழ். அந்தத் தப்புக்கான விலையை இன்றைக்கும் தமிழ்நாட்டின் பால் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பாதியில் நிற்கும் கதை

பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 2023 ஜூன் 18 அன்று, அவருடைய 112-வது பிறந்தநாளுக்குக் கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. அவரைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான் இருக்கும். அந்தக் கதை இப்படிப் போகும்.

1911-ல் இந்தூரில் பிறந்தவர் கமலா பாக்வத். அப்பாவும் அப்பாவின் சகோதரரும் வேதியியல் படித்தவர்கள். 1933-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தார். அப்போது அதன் இயக்குநர் சர் சி.வி. ராமன். பெண் என்ற ஒரே காரணத்துக்காக இடம் கிடையாது என்றார் ராமன். கமலா விடவில்லை. காந்தி காலத்துப் பெண் அல்லவா, அலுவலக வாசலில் சத்தியாகிரகம் இருப்பேன் என்றார். கடைசியில் நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. முதல் வருஷம் வெறும் சோதனைக் காலம். வேலையின் தரத்தில் இயக்குநருக்குத் திருப்தி வரும்வரை அந்த ஆராய்ச்சிக்கு அங்கீகாரம் கிடையாது. வழிகாட்டி சொன்னால் ராத்திரியிலும் வேலை செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஆண் ஆராய்ச்சியாளர்களின் கவனத்தைச் சிதறடிக்கக் கூடாது!

ஆண்களின் கவனம் சிதறினால் அதற்கும் அந்தப் பெண்தான் பொறுப்பு. இன்றைக்கும் சில கல்லூரிகளில் கேட்கிற வசனம்தான் இது. வருஷம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

அவமானத்தை விழுங்கிக்கொண்டு சேர்ந்தார். 1936-ல் எம்.எஸ்சி. முடித்தார். அவர் வேலையைப் பார்த்த பிறகு பெண்களுக்கு அங்கே கதவு திறந்தது. பிறகு கேம்பிரிட்ஜ். தாவரத் திசுக்களில் சைட்டோகுரோம் சி என்ற நொதி இருப்பதைக் காட்டி, பதினான்கே மாதத்தில் ஆராய்ச்சியை முடித்து, 1939-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அறிவியலில் பிஎச்.டி. வாங்கிய முதல் இந்தியப் பெண்.

கைதட்டல். சுபம். இங்கே கதையை நிறுத்திவிடுவார்கள்.

அப்போது அவருக்கு வயது 28. அதற்குப் பிறகு 59 வருஷம் உயிரோடு இருந்தார். அந்த 59 வருஷத்தில் அந்த அம்மா என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். கதை சொன்னவர் முழிப்பார்.

அந்த 'முதல்' பட்டமாவது சண்டையில்லாமல் நிற்கிறதா என்றால், அதுவும் இல்லை. தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஜானகி அம்மாள், 1931-லேயே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பட்டம் பெற்றவர். யார் முதல் என்று ஒரு கூட்டம் சண்டை போடுகிறது. விஞ்ஞானி என்ன ஓட்டப்பந்தயமா ஓடினார்? முதலாவதாக வந்தார் என்பதைச் சொல்லிவிட்டு, வந்து என்ன செய்தார் என்பதை மறந்துவிடுவதற்குப் பெயர் பாராட்டா?

ராமனை வைத்து அந்த அம்மாளை அளப்பதும் இதே வியாதிதான். திருச்சியில் பிறந்த நோபல் விஞ்ஞானி மேல் தமிழர்களுக்குப் பெருமை உண்டு, இருக்கட்டும். அவர் பெரிய விஞ்ஞானி, ஆனால் குறுகிய மனம் கொண்டவர் என்று கமலாவே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். அதோடு அந்த விவகாரத்தை முடித்துக்கொள்ளலாம். ஒரு பெண்ணின் மொத்த வாழ்க்கையையும், ஒரு ஆண் அவரிடம் மோசமாக நடந்துகொண்ட ஒரு சம்பவமாகச் சுருக்குவது இன்னொரு அவமானம்.

மீதி 59 வருஷம்

பெங்களூரிலேயே அவருடைய ஆராய்ச்சி பாலிலும் பருப்பிலும் பயறிலும் உள்ள புரதங்களைப் பற்றியதுதான். வசதியில்லாத இந்தியன் புரதத்துக்கு நம்பியிருப்பது இவற்றைத்தான் என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜிலேயே தங்கி நொதிகளோடு காலம் தள்ளியிருக்கலாம். 1939-ல் திரும்பி வந்தார். டெல்லி லேடி ஹார்டிங்கே மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் துறைக்குத் தலைமை. அடுத்து எங்கே தெரியுமா? குன்னூர். அங்கே இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில் உதவி இயக்குநராக வைட்டமின்களைப் பற்றி ஆராய்ந்தார். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அந்தக் குன்னூர் கூடத்திலிருந்து 1958-ல் இடம்பெயர்ந்து போனதுதான். நீலகிரிக்குச் சுற்றுலா போகிற தமிழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சிம்ஸ் பூங்காவில் படம் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

குன்னூரில் மேலே போக வழி தெரியவில்லை. ராஜினாமா செய்தார். 1947-ல் திருமணம். பம்பாய் போனார். அங்கே அறிவியல் நிறுவனத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர். மாணவர்களோடு சேர்ந்து அவர் எடுத்துக்கொண்ட விஷயங்களைப் பாருங்கள். பயறு வகைகளின் புரதம், அரிசி மாவு, நீரா. நீரா என்றால் பதநீர். குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் சொன்னதன் பேரில் பதநீரில் உள்ள சத்துகளை ஆராய்ந்தார். சத்துக்குறைவால் வாடிய பழங்குடி இளம்பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது பலன் தருகிறது என்று காட்டினார். குடியரசுத் தலைவர் விருதும் கிடைத்தது.

பால் வருவது இங்கேதான். 1949-ல் பம்பாய்க்கு வெளியே ஆரே பால் குடியிருப்பு தொடங்கியது. நகரத்துக்குள் சந்து பொந்தெல்லாம் இருந்த மாட்டுக் கொட்டகைகளை வெளியே கொண்டுபோய், ஒரே இடத்தில் பராமரித்து, சுத்தமான பாலை நகரத்துக்கு அனுப்பும் திட்டம். அந்த ஆரே நிர்வாகத்துக்குத் தர ஆலோசகராக இருந்தவர் கமலா சோஹோனி. பால் திரிந்து போகாமல் இருப்பதற்கான வழிமுறையை அவர் வகுத்துக் கொடுத்ததாக அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. நொதிகளைப் பற்றி கேம்பிரிட்ஜில் படித்த படிப்பு, கடைசியில் ஒரு பால்காரச் சங்கதிக்குப் பயன்பட்டது. இதைவிடப் பெரிய பயன் அந்தப் படிப்புக்கு வேறென்ன வேண்டும்?

அப்பேர்ப்பட்டவருக்கு அந்த அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் நாற்காலி உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. நான்கு வருஷம் தள்ளிப் போனது. பெங்களூரில் ஒரு மனிதர் முகத்துக்கு நேராக வேண்டாம் என்றார், அது கதையாகிவிட்டது. பம்பாயில் ஃபைல் நகரவில்லை, அது கதையாகவில்லை. முகத்துக்கு நேராகச் சொல்வதைவிட ஃபைலை நிறுத்திவைப்பதுதான் இந்த நாட்டில் ரொம்பப் பேருக்கு நடக்கிற கொடுமை என்பது வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தெரியும்.

அவர் ஆய்வுக்கூடத்தோடும் நிற்கவில்லை. 1966-ல் பம்பாயில் ஒன்பது பெண்கள் சேர்ந்து இந்திய நுகர்வோர் வழிகாட்டும் சங்கத்தைத் தொடங்கினார்கள். பாராளுமன்றம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் போட்டது 1986-ல். அதாவது அரசாங்கத்துக்கு இருபது வருஷம் முன்னாலேயே அந்தப் பெண்கள் எழுந்துவிட்டார்கள். அந்தச் சங்கத்தில் கமலா சோஹோனி தீவிரமாக இயங்கினார். 1982-83-ல் தலைவராக இருந்தார். சங்கத்தின் 'கீமத்' பத்திரிகையில் நுகர்வோர் பாதுகாப்பைப் பற்றிச் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதினார். பி.காம். படிக்கிறவர்கள் நுகர்வோர் சட்டத்தைப் பரீட்சைக்கு உருப்போடுகிறார்கள். எந்தப் பிரிவு, என்ன நஷ்டஈடு, எத்தனை மார்க். அந்தச் சட்டத்துக்குத் தரை போட்டுக் கொடுத்த பெண்களைப் பற்றி ஒரு வரி?

1998-ல், டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்த பாராட்டு விழாவில் மயங்கி விழுந்தார். அதன் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. பாராட்டு வந்தபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

வராத நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இப்படி ஒருவர் மறக்கப்பட்டதற்கு ஆணாதிக்கம் மட்டும் காரணமா? அது பாதி காரணம். மீதிக் காரணத்தைக் காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம்.

தரத்துக்கான செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். தப்பு நடக்காமல் தடுக்க ஆகும் செலவு. தப்பு இருக்கிறதா என்று சோதிக்க ஆகும் செலவு. தப்பு நடந்துவிட்டால் ஆகும் செலவு. முதல் இரண்டும் மாதாமாதம் கண்ணில் படும். கெமிஸ்டுக்குச் சம்பளம், கருவிக்கு விலை, ரசாயனத்துக்கு பில். மூன்றாவது செலவு நடக்கிற வரைக்கும் புத்தகத்தில் எங்கேயும் இருக்காது. அதனால் சிக்கனம் என்றதும் முதலாளியும் அமைச்சரும் கை வைப்பது முதல் இரண்டிலும்தான். தடுக்கப்பட்ட நஷ்டத்துக்கு லாப நஷ்டக் கணக்கில் ஒரு வரி கிடையாது. அதைத் தடுத்தவருக்கும் கிடையாது.

மூன்றாவது செலவு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா? 2008, சீனா. பாலில் தண்ணீர் கலந்தால் புரதம் குறையும். புரதத்தை நேரடியாக அளக்காமல், அதில் உள்ள நைட்ரஜனை அளந்து கணக்குப் போடுவதுதான் வழக்கமான சோதனை. இது தெரிந்தவர்கள், நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்தார்கள். பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் சாமான் அது. சோதனையில் புரதம் ஜோராக இருந்தது. குழந்தைகளின் சிறுநீரகத்தில் கல் உருவானது. ஆறு பச்சைக் குழந்தைகள் செத்தார்கள். ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். சான்லு என்ற பெரிய கம்பெனி திவாலானது. அதில் 43 சதவீதம் பங்கு வைத்திருந்த நியூசிலாந்தின் ஃபோன்டெராவுக்கு முதலீடு முழுக்கப் போனது. இரண்டு பேர் தூக்கிலோ துப்பாக்கியிலோ உயிரை விட்டார்கள். சோதனைக்கு ஆகியிருக்கும் செலவை இதோடு ஒப்பிட கால்குலேட்டர் வேண்டியதில்லை.

அமெரிக்காவும் யோக்கியம் இல்லை. ஆலிஸ் எவன்ஸ் என்ற பெண், அந்த நாட்டு வேளாண்துறையின் பால் பிரிவில் நுண்ணுயிரியலாளர். காய்ச்சாத பாலிலிருந்து புரூசெல்லா கிருமி மனிதர்களுக்குக் காய்ச்சலைக் கொண்டுவரும் என்று 1918-ல் எழுதினார். பால் வியாபாரிகளும் சிரித்தார்கள், விஞ்ஞானிகளும் சிரித்தார்கள். பெண், அதுவும் பிஎச்.டி. இல்லாதவர், இவர் என்ன சொல்வது? 1922-ல் ஆராய்ச்சியின்போது அந்தக் கிருமி அவரையே தொற்றியது. பல வருஷம் அவதிப்பட்டார். 1930-களில்தான் பாலைப் பதப்படுத்துவது அங்கே பரவலாகச் சட்டமானது. இடையில் போன வருஷங்களில் காய்ச்சலில் விழுந்தவர்களுக்கு யார் கணக்குச் சொல்வது?

இங்கே நடப்பது என்ன?

இனி தமிழ்நாட்டுக்கு வரலாம். மூன்று சம்பவங்கள் போதும்.

ஒன்று. 2014 ஆகஸ்ட். சென்னைக்கு வந்துகொண்டிருந்த ஆவின் டேங்கர் லாரியிலிருந்து திண்டிவனம் பக்கம் வழியில் பாலை இறக்கி, எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றியது பிடிபட்டது. பிடித்தது போலீஸ். லாக்டோமீட்டர் இல்லை. பாலில் தண்ணீர் சேர்ந்தால் அடர்த்தி குறையும், லாக்டோமீட்டர் அதைக் காட்டிக் கொடுக்கும். உப்போ சர்க்கரையோ போட்டு அடர்த்தியை மறுபடி ஏற்றினால் அதற்கு வேறு சோதனை வேண்டும். இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. செய்ய ஆள் வேண்டும், அவர் சொன்னால் கேட்கிற அதிகாரி வேண்டும்.

இரண்டு. 2017 மே. தனியார் பாலில் ஃபார்மலின் மாதிரி ரசாயனம் இருக்கிறது, புற்றுநோய் வரும் என்று அன்றைய பால்வளத்துறை அமைச்சர் கே.டி. ராஜேந்திர பாலாஜியே பேட்டி கொடுத்தார். பச்சைக் குழந்தை இருக்கிற வீடுகளில் பீதி. கம்பெனிகள் வழக்குப் போட்டன. ஆதாரம் இல்லாமல் பேசக் கூடாது என்று அந்த ஆண்டே சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. யோசித்துப் பாருங்கள். சோதிக்கிற அதிகாரம் முழுக்க அரசாங்கத்தின் கையில். அந்த அரசாங்கத்தின் அமைச்சர், எந்த பிராண்டில் எந்தத் தேதியில் என்ன இருந்தது என்ற காகிதத்தை ஜனங்கள் முன்னால் வைக்காமல் மைக்கில் பேசுகிறார். ஆய்வுக்கூடம் பேச வேண்டிய இடத்தில் அரசியல்வாதி பேசினால் இதுதான் நடக்கும். பால் நல்லதா கெட்டதா என்பது கடைசிவரை ஜனங்களுக்குத் தெரியவில்லை.

மூன்று. இதுதான் முக்கியமானது. 2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் நாடு முழுக்க 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. முடிவு 2019 அக்டோபரில் வந்தது. உயிருக்கு ஆபத்தான கலப்படம் இருந்தது வெறும் 12 மாதிரிகளில். அதில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. நிம்மதிதானே? அவசரப்படாதீர்கள். 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நச்சு அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். 551-ல் 88. அதாவது நூற்றுக்குப் பதினாறு. கேரளத்தில் 187-ல் 37, விகிதத்தில் நம்மைவிட மோசம். பச்சைப் பாலைவிடப் பாக்கெட் பாலில்தான் இது அதிகம்.

இந்த நச்சை யாரும் கலக்கவில்லை. ஈரத்தில் கிடக்கிற கடலைப் புண்ணாக்கிலும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் ஒரு வகைப் பூஞ்சை வளரும். அது உண்டாக்கும் நச்சை மாடு தின்னும். மாட்டின் கல்லீரலில் அது உருமாறிப் பாலில் இறங்கும். எத்தனை முறை காய்ச்சினாலும் போகாது. முகர்ந்தால் தெரியாது. லாக்டோமீட்டருக்கும் தெரியாது. அனுமதித்த அளவே ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராம், அதாவது இருநூறு கோடியில் ஒரு பங்கு. அதைக் கண்டுபிடிக்க நல்ல கருவியும், அதை ஓட்டத் தெரிந்த ஆளும், தினமும் செய்கிற பொறுமையும் வேண்டும். கமலா சோஹோனி மாதிரி ஆட்கள் வேண்டும்.

2017-ல் கத்தியது ஃபார்மலினுக்கு. 2019-ல் வெளியான உண்மையான பிரச்சினைக்குக் கத்தல் எங்கே? வில்லன் இல்லாத கதைக்கு மைக் கிடைக்காது. யாரையும் கைது செய்ய முடியாது. தீவனம் சேமிக்கிற கிடங்கைக் காய வைக்க வேண்டும், புண்ணாக்கைச் சோதிக்க வேண்டும், விவசாயிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சத்தமில்லாத, புகழில்லாத, தினசரி வேலை. இந்த நாட்டுக்குப் பிடிக்காத வேலை.

எதிர்க்கேள்விகள் மூன்று

'கேம்பிரிட்ஜ் வரை போன மூளையைப் பால் திரிவதற்கா செலவழிப்பது?' என்று ஒரு கேள்வி வரும். கொஞ்சம் சுரண்டினால் இந்தக் கேள்விக்குள் ஒரு பழைய அழுக்கு இருக்கும். அணு என்றால் ஆண் விஞ்ஞானம், அடுப்பு என்றால் பெண் சமாச்சாரம். சோற்றைப் பற்றி ஆராய்ந்தால் அது மனையியல், ராக்கெட்டைப் பற்றி ஆராய்ந்தால் அது விஞ்ஞானம். ஒரு நாளைக்கு ஒரு முறையாவது ராக்கெட்டைத் தொடுகிறவர் எத்தனை பேர்? பாலைத் தொடாத வீடு எத்தனை?

'அதற்குத்தான் ஆணையமும் சட்டமும் இருக்கிறதே' என்பது அடுத்த கேள்வி. இருக்கிறது. 1954-ல் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. 2006-ல் புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆணையத்தின் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்றுகூட அந்தச் சட்டம் சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் ஆணையத்துக்கு முதுகெலும்பு வேண்டும். 2024 ஆகஸ்ட் 21 அன்று, பாக்கெட்டில் ஏ1, ஏ2 என்று போட்டு விற்பதை எடுக்கச் சொல்லி ஆணையம் அறிவித்தது. ஆகஸ்ட் 26 அன்று அந்த அறிவிப்பையே திரும்ப வாங்கிக்கொண்டது. ஐந்து நாளில் என்ன புது ஆராய்ச்சி நடந்துவிட்டது? விஞ்ஞானம் பேசும்போது யார் குறுக்கே வந்தார்கள்?

'பாக்கெட்டே வேண்டாம், நாட்டு மாட்டுப் பாலை நேரே கறந்து வாங்கினால் போச்சு' என்பது மூன்றாவது. ஆவடியைச் சுற்றி இது இப்போது ஒரு ஃபேஷன். மாடு நாட்டு மாடானாலும் புண்ணாக்கு அதே புண்ணாக்குதான். நச்சுக்கு ஜாதி தெரியாது. பதப்படுத்தாத பாலில் என்ன இருக்கலாம் என்பதை ஆலிஸ் எவன்ஸ் நூறு வருஷம் முன்னாலேயே உடம்பைக் கெடுத்துக்கொண்டு சொல்லிவிட்டார். கறக்கிறவரைத் தெரியும் என்பது நம்பிக்கை. சோதனை வேறு.

என்ன செய்யலாம்?

நவம்பர் 26 தேசிய பால் தினம். வர்கீஸ் குரியன் பிறந்தநாள். பெரிய மனிதர், கொண்டாட வேண்டியவர். அவர் நடத்திய வெண்மைப் புரட்சியால் 1998-ல் இந்தியா அமெரிக்காவை முந்தி உலகிலேயே அதிகம் பால் கறக்கிற நாடானது. கமலா சோஹோனி கண்ணை மூடியதும் அதே 1998. 2023-24-ல் உற்பத்தி சுமார் 23.9 கோடி டன். எவ்வளவு கறந்தோம் என்பதற்கு ஒரு திருநாள் இருக்கிறது. கறந்தது எப்படி இருக்கிறது என்று பார்த்தவருக்கு ஒரு நாளும் இல்லை. ஜூன் 18-ஐப் பால் தர நாளாக அறிவித்து, அந்த நாளில் மாவட்டத்துக்கு மாவட்டம் சோதனை முடிவை வெளியிட என்ன தடை?

கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. எந்த பிராண்ட், எந்த ஊர், எந்த மாதம், என்ன முடிவு என்று ஆய்வுக்கூட அறிக்கை மாதாமாதம் தமிழில் வெளியாக வேண்டும். பாலோடு தீவனத்தையும் சோதிக்க வேண்டும். சோதிக்கிறவர்களுக்கு நிரந்தர வேலையும் மரியாதையான சம்பளமும் வேண்டும். ஆவடிக்கு வடக்கே, அலமாதிப் பக்கம் கொடுவள்ளியில், உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரியே இருக்கிறது. அங்கே படிக்கிற பெண்ணுக்கு இருபது வருஷம் கழித்து எந்த நாற்காலி காத்திருக்கிறது? அந்த நாற்காலியும் நான்கு வருஷம் தள்ளிப் போகுமா?

அரசாங்கம் செய்யட்டும் என்று உட்காரவும் வேண்டாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். சாமான் வாங்கிய யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி, அதை உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம். பதினான்கு நாளில் அறிக்கை தர வேண்டும். தரமில்லை என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரு தெரு சேர்ந்து, வீட்டுக்குக் கொஞ்சம் போட்டு, மாதம் ஒரு பாக்கெட்டைச் சோதனைக்கு அனுப்பினால் போதும். 1966-ல் ஒன்பது பேரால் ஆரம்பிக்க முடிந்த காரியம், ஒரு தெருவால் முடியாதா? சினிமா கட் அவுட்டுக்கு ஊற்றுகிற பாலில் ஒரு பாக்கெட்டை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாலே போதும், அந்த ரசிகர் மன்றத்துக்குக் கோடி புண்ணியம்.

நாளைக் காலை நாலரை மணிக்கு அதே கடை வாசலில் அதே டிரேக்கள் இறங்கும். அந்த அம்மா பாக்கெட்டைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றுவார். பால் பொங்கும், திரியாது. குழந்தை குடித்துவிட்டுத் தூங்கும். அந்த நச்சு அதில் இருந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது என்றுதான் கமலா சோஹோனி பிற்காலம் முழுக்க எழுதியும் பேசியும் வந்தார். அந்த அம்மாளைப் பாராட்ட வேண்டுமென்றால், 'முதல் பெண்' என்று மறுபடி ஃபார்வர்டு செய்வதை நிறுத்திவிட்டு, இந்த மாத அறிக்கை எங்கே என்று கேளுங்கள்.